கோண்டோ அடைத்த சந்து

டார் எஸ் ஸலாமின் ம்சிம்பாசி ஆற்றங்கரைக் குடியிருப்பில் ரேடியோ ரிப்பேர் கோண்டோவைத் தெரியாதவர் கிடையாது. இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டிதான் அவருக்குக் கால். கால்கள் நழுவாமல் இருக்க டயர் ட்யூபால் வண்டியோடு கட்டிக்கொள்வார்.

சந்தில் யார் சுவர் எழுப்பினாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணே, வண்டிய விட்டுப் பாருங்க." வண்டி போனால் பிணம் தூக்கும் மய்யத்துக் கட்டிலும் சாயாமல் போகும், அங்கே அதுதான் எழுதாத அளவு. முழங்கை உரசினால் போதும், கோண்டோ கத்துவார்: "செத்தவனுக்கும் வழி வேணும், எனக்கும் வேணும். இடிடா!"

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் சந்தின் வாயையே அடைத்தார். பெரிய சாலையோரச் சாக்கடையைக் குப்பை அடைத்துக்கொண்டு, மழைக்கு மழை சந்துக்குள் வழிந்தது. முதல் கதவு அவருடைய கடை. இரண்டு மழையில் பாதி ரேடியோக்கள் போயின. சாக்கடையைத் தூர்வார யாருக்கும் பொறுமையில்லை. "ஒரு சுவர வைங்க, விட்டுது சனியன்" என்றவர் அவரேதான்.

பக்கத்து வீட்டில் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்கும் தௌசி மட்டும் கேட்டாள்: "உங்க வண்டி எப்படிண்ணே வெளிய போகும்?"

"ஆத்துப் பக்கமா சுத்திப் போயிக்குவேன். நீ உன் எண்ணெய் கருகாம பாரு."

நாலு சந்து சுற்று. தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. வாய் திறந்து சொல்லவில்லை, வீம்பு. அதற்குள் சாலைக்காரர்கள் வந்து சாக்கடையைத் தூர்வாரிவிட்டுப் போனார்கள். அப்போதாவது சுவரை எடுத்திருக்கலாம்.

ஏப்ரல் மழையில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் ஆறு பொங்கியது. தண்ணீர் பின்னாலிருந்து, அவர் சுற்றிப் போகிற அதே வழியாக வந்தது. முன்னால் சுவர். சந்து தொட்டியாகிவிட்டது. கால் உள்ளவர்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரேறிக் குதித்தார்கள். கோண்டோவுக்கு மார்பளவு தண்ணீர். ட்யூப் முடிச்சு நீருக்கடியில் இறுகிக்கொண்டது. தூக்க வந்த இரண்டு பேரும் வண்டியோடு சேர்த்து அசைக்க முடியாமல் நின்றார்கள். அவருக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது.

"தௌசி! சுவர இடி!"

ஏறிக் குதித்துச் சாலையில் நின்ற தௌசி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நீங்க கட்டச் சொன்னதாச்சேண்ணே!"

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேன்டி! இடி!"

யார் வீட்டு உலக்கையோ கையில் கிடைத்தது. நாலாவது குத்தில் ஒரு கல் விழுந்தது, பிறகு வரிசையாக. தண்ணீர் திமுதிமுவென்று சாக்கடைக்குள் பாய்ந்தது. அதோடு கடையிலிருந்த பதினோரு ரேடியோக்களும் போயின. தண்ணீர் இடுப்புக்கு இறங்கியதும் முடிச்சை அறுத்தார்கள். கோண்டோ தேம்பித் தேம்பி அழுதார்; ரேடியோவுக்காக அல்ல.

அடுத்த வாரம் சந்துக்காரர்கள் சிலர் கல்லும் சிமெண்டுமாக வந்தார்கள். சாக்கடை மறுபடி அடைத்துக்கொள்ளுமாம். உடைந்த இடைவெளியில் கோண்டோ மேசையைப் போட்டு, வண்டியில் உட்கார்ந்து ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் சாக்கடை தூர்வாரிய கம்பி, ஈரம் காயாமல்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க. கட்டணும்."

"கட்டு," என்றார், தலை நிமிராமல். "என்னையும் உள்ள வெச்சுக் கட்டு."

வந்தவர்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.