தேடும் பெட்டிக்கு எழுதிய மனு

“...அதாம்ப்பா பதில் வரல. மொட்டையா கம்பெனி பேரை மட்டும் போட்டா எவன் சொல்லுவான்? மொதல்ல ‘ரெஸ்பெக்டட் சார்’னு ஆரம்பி. நாம யாரு, எந்த ஊரு, எதுக்குக் கேக்கறோம், எல்லாம் சொல்லு. அப்புறம் கேளு. சொல்றானா இல்லையா பாரு.”

சொன்னவர் எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். சொன்ன இடம் ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் வைத்திருந்த டெலிபோன் பூத். தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். பாய் மூன்று கண்ணாடிக் கூண்டுகளில் ஒன்றைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்திருந்தார். வாசலில் ‘எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி.’ என்று மஞ்சள் பலகை. அதற்குக் கீழே புதிதாக ‘இன்டர்நெட்’. பெயிண்டர் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதை மட்டும் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தார்.

காலை பதினோரு மணி. ஃபிட்டருக்கு இரண்டு மணிக்கு செகண்ட் ஷிப்ட். அவருடைய சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ராஜினாமாக் கடிதம். ஷிப்ட்டுக்குப் போகும்போது அதை, வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீசில் கொடுத்துவிடுவதாக முடிவு. டைம் ஆபீசில் அதை வாங்க வேண்டிய கிளார்க் நான்தான்.

துபாய்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை என்று பெங்களூரில் ஓர் ஏஜென்ட் அவருக்கு ஆர்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். மறுநாள் பாஸ்போர்ட்டோடும், வேலையை விட்டாயிற்று என்கிற காகிதத்தோடும் வந்தால்தான் விசா என்று சொல்லியிருந்தான். ஏழு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனவர் நம் ஆள். அந்த வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள்.

“ரெண்டே வருஷம்ப்பா. வூட்டு மேல ஒரு ரூம் எடுத்துட்டா போதும், ஓடியாந்துருவேன்” என்றார். சாமல்பட்டிக்காரர், ஓசூரில் ஒற்றைத் தளம் போட்ட சின்ன வீடு. இரண்டு பெண்கள். மாடி ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சின்னவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம்.

“குடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி நெஜமாவே இருக்குதான்னு ஒருதரம் இன்டர்நெட்டுல பாத்துடலாம், ஃபிட்டரே” என்று அவரை இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று பத்து வருஷமாக அவருக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்ததும் நான்தான்.

எங்கள் தொழிற்சாலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கென்று ஒரு ரூமைத் தடுத்து, ஏ.சி. போட்டு, வாசலில் செருப்பை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். கேன்டீனில் பரிமாறுகிற அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “நாங்க அடுப்புல வேகறோம், திங்கவே திங்காத இதுக்குப் போயி குளுகுளுன்னு ரூமா?” என்றார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லேத்துகளுக்கு வைத்த மாதிரியே இதற்கும் திரையின் நட்டநடுவில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தை மாதம் வரை எல்லார் பெயரையும் அந்தப் பொட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் படித்தோம். துடைக்க யாருக்கும் தைரியம் இல்லை.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூட வந்த தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். அதுவரை ஒருவருடைய லீவு பாக்கியைப் பார்க்க வேண்டுமென்றால் ரெஜிஸ்டரை இறக்கி, தூசி தட்டி, பக்கம் புரட்ட வேண்டும். இப்போது தொழிலாளியின் டோக்கன் நம்பரை அடித்தால் ஆளே வந்து நின்றார். ஏ.சி. ரூம் கதவைச் சரிசெய்ய வந்த ஃபிட்டர் தன் நம்பரை அடிக்கச் சொன்னார். அவர் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர் எல்லாம் பச்சை எழுத்தில் வந்தன. செத்துப்போன அப்பாவின் பெயரை விரலால் தொடப் போய், ஷாக் அடிக்குமோ என்று கையை எடுத்துக்கொண்டார். “என்னை இதுக்குத் தெரிஞ்சிருக்குதுப்பா” என்றார்.

அன்றைக்குப் பிறந்த நம்பிக்கைதான் இப்போது என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மனு எழுதச் சொல்கிறது.

ஆர்டரில் இருந்த கம்பெனியின் பெயரை நான் முதலில் அப்படியே போட்டுத் தேடியிருந்தேன். இணைப்பு கிடைக்கவே கால் மணி நேரம். டெலிபோன் லைனை இணைக்கிற மோடம் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கத்திக் கத்தி ஓய்ந்தது; கடைசியில் கம்ப்யூட்டர் இப்படி எதுவும் இல்லை என்று ஒரே வரியில் கையை விரித்துவிட்டது. அதற்குத்தான் ஃபிட்டர் மரியாதைப் பாடம் நடத்தினார்.

“ஃபிட்டரே, அந்தப் பக்கம் ஆளே கெடையாது. மெஷினு. வார்த்தையைத்தான் தேடும்.”

“மெஷினுன்னா மரியாதை வேணாமா? காலையில பட்டனை அமுத்தறதுக்கு முன்னாடி நான் மெஷினைத் தொட்டுக் கும்புடறதில்ல?”

பாய் கல்லாவில் இருந்தபடியே, “எழுதித்தான் பாருங்களேண்ணே. மணிக்கணக்குதான, எழுத்துக்கணக்கு இல்லியே” என்றார்.

எழுதினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் தமிழ்நாடு, ஓசூரில் ஃபிட்டராகப் பணிபுரிந்து வருகிறேன். கீழ்க்கண்ட கம்பெனி உண்மையிலேயே இருக்கிறதா இல்லையா என்பதைத் தயவுசெய்து தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இத்தனையும் ஆங்கிலத்தில். லீவு லெட்டர் எழுதி எழுதிப் பழகிய கை. தடங்கல் இல்லாமல் வந்தது. முடிவில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று போடலாமா என்றும் ஃபிட்டர் யோசித்தார். தேடும் பெட்டியில் இடம் இல்லை.

தட்டினேன். லட்சக்கணக்கில் பதில்கள் இருப்பதாகச் சொன்னது.

“பாத்தியா!” என்று தொடையில் தட்டினார் ஃபிட்டர். “பேரை மட்டும் போட்டா ஒண்ணுமில்ல. ‘சார்’னு போட்டதும் லட்சம் பேரு ஓடியாறான்.”

ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் பாய் டீ சொல்லி, டீ வந்து, குடித்தும் முடித்தோம். இங்கிலாந்தில் ‘சர்’ பட்டம் வாங்கியவர்களின் வரிசை ஒன்று வந்தது. சீமை டீச்சர் ஒருவர் மன்னிப்புக் கடிதம் எழுதும் முறையை விளக்கியிருந்தார். யாரோ ஒருவர் தன் நாய் உண்மையாக இருக்கிறது என்று படம் போட்டு எழுதியிருந்தார். கம்பெனி மட்டும் வரவில்லை.

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. “இல்லைங்குது, ஃபிட்டரே. கம்பெனியே கெடையாது. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க.”

அவர் கிழிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நம்ம கம்பெனியைப் போடு” என்றார்.

“எதுக்கு?”

“போடுப்பா.”

அவர் வேலை செய்கிற விதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்தால் எடுத்தவுடனே எதையும் அளக்க மாட்டார். முதலில் அதன் இரண்டு வாயையும் ஒட்ட மூடி, சைபர் சைபரோடு சேருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “அளவுகோலையே அளக்காம பொருளை அளக்கறவன் ஃபிட்டர் இல்ல” என்று புதிதாக வந்தவர்களைத் திட்டுவார். பதினைந்து வருஷத்தில் அவர் கைபட்ட பொருள் ஒன்றுகூட இன்ஸ்பெக்ஷனில் திரும்பி வந்ததில்லை.

எங்கள் தொழிற்சாலையின் பெயரைப் போட்டேன். ஆயிரம் பேருக்கு மேல் மூன்று ஷிப்ட்டாக உழைக்கிற இடம். சங்கு ஊதினால் பாயின் பூத்திலேயே கேட்கும். கம்ப்யூட்டர் யோசித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்றது.

எழுத்தைக் கூட்டிப் பார்த்து மறுபடியும் போட்டேன். இல்லை.

பாய் எழுந்து வந்து எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “அப்ப இத்தனை வருஷமா நீங்க ரெண்டு பேரும் எங்கண்ணே போயிட்டு வர்றீங்க?”

ஃபிட்டர் சிரிக்கவில்லை. “சைபரே சேரலப்பா” என்றார் மெதுவாக. “நம்ம கம்பெனியையே தெரியாதவனுக்கு துபாய் கம்பெனியை எப்படித் தெரியும்? இவன் இல்லைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல.”

அவர் சொன்னது நியாயம். அந்த நாளில் உலகத்தில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் இன்னும் ஏறியிருக்கவில்லை. ஏறாததை எல்லாம் இல்லாதது என்று நான் நினைத்திருந்தேன். நான் பத்து வருஷம் கட்டிய கம்ப்யூட்டர் பெருமையை அவர் ஒரே அளவில் ரிஜெக்ட் செய்துவிட்டார். இனி அந்தக் கடிதத்தை எப்படித் தடுப்பது?

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

“ஏப்பா, இந்தப் பொட்டிக்கு சைபர் பாத்துட்டோம். ஏஜென்டுக்குப் பாக்கலியே.”

நேராகப் பக்கத்துக் கூண்டுக்குள் புகுந்து பெங்களூர் நம்பரைச் சுழற்றினார். நானும் கூடவே நுழைந்தேன். ஒருவர் நிற்கிற கூண்டில் இரண்டு பேர். ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தார், ஒரே காதாக ஒட்டிக்கொண்டு கேட்டோம்.

கன்னடத்தில் நமஸ்காரம் சொல்லி ஆரம்பித்தார். அந்தப் பக்கம் குரல் இவரை அடையாளம் தெரிந்துகொண்டு தமிழுக்கு மாறியது. “சொல்லுங்க சார், லெட்டர் குடுத்தாச்சா?”

“குடுக்கத்தான் போயிட்டிருக்கறங்க. ஒரு சின்ன சந்தேகம். எங்க டைம் ஆபீஸ் கிளார்க் ஒருத்தரைப் போன வருஷம் அதே கம்பெனிக்கு அனுப்பிச்சீங்களே...” என்று சொல்லி, என் பெயரையும் ஊரையும் சொன்னார். நான் திடுக்கிட்டுத் தலையை எடுக்கப் போனேன். முழங்கையால் இடித்து நிறுத்தினார். “கண்ணாடி போட்டுக்கிட்டு ஒல்லியா இருப்பாரு. அவரு அங்க நல்லா இருக்காருங்களா?”

“அவரா? என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! ராஜா மாதிரி இருக்காரு. முந்தாநேத்துகூடப் பேசினாரு. ஒடம்பு போட்டுட்டாரு.”

ஃபிட்டர் என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். “ஒடம்பு போட்டுட்டாருங்களா! சந்தோசம். சாப்பாடெல்லாம் எப்படிங்க?”

“நம்மூரு சமையல்காரன்தான் சார். வெள்ளிக்கிழமையானா பிரியாணி. ஊருக்கே வரமாட்டேங்கறாரு மனுசன்.”

“வரமாட்டாருங்க. அவரு அப்படித்தான்” என்றார் ஃபிட்டர். “பேசினா நான் கேட்டதாச் சொல்லுங்க.”

ரிசீவரை வைத்தார். கண்ணாடிக் கதவைத் திறக்காமல் அப்படியே நின்றார். வெளியே தளியிலிருந்து வந்த பஸ் ஒன்று முட்டைக்கோஸ் மூட்டைகளோடு திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கிற வரைக்கும் பார்த்தார்.

“சின்னவகிட்டதான் ஜன்னலைப் பத்தி என்ன சொல்றதுன்னு தெரியல” என்றார்.

அதற்குள் பாய் கூண்டைத் தட்டி, “என்னண்ணே ஆச்சு?” என்று கேட்டார். ஃபிட்டர் கதவைத் திறந்து என்னை முன்னால் தள்ளினார். “இவரு துபாயில இருக்காரு, பாய். ஒடம்பு போட்டுட்டாராம். பாத்தா தெரியல?” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. பாய்க்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எனக்கு வந்தது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை.

ஃபிட்டர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தார். “எப்படியும் நீ வாங்க வேண்டியதுதான. டைம் ஆபீசுக்குப் போற வரைக்கும் எதுக்கு? இங்கயே கிழிச்சுடு.”

கிழித்தேன். எட்டுத் துண்டாக. பாய் டீ கிளாஸ் வைத்திருந்த தட்டை நீட்டினார், அதில் போட்டேன்.

மணி ஒன்று ஆகியிருந்தது. கம்பெனி பஸ் வந்துவிடும் என்று நான் அவசரப்படுத்தினேன். ஃபிட்டர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்தவர், “பாய், நம்ம கம்ப்யூட்டர் நேரம் இன்னும் பாக்கி இருக்குதா?” என்று கேட்டார். நாலு நிமிஷம் இருக்கிறது என்றார் பாய். கேரியரைக் கீழே வைத்துவிட்டு, ஃபிட்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் எழுதியதை என்னிடம் கேட்டுக் கேட்டு அழித்தார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ‘தேங்கிங் யூ சார்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, பட்டனைத் தட்டினார்.