ரிடன்டன்ட் என்றொரு செல்லப்பெயர்

கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டில் முதல் சாப்பாடு. பெண் எப்படி என்று நாசரேத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கேட்டதற்கு, என் கணவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "இவ எனக்கு ரிடன்டன்ட்" என்றார். பந்தியில் பாதிப்பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள். ஆங்கிலம் தெரிந்ததுதான் வினையாகிப்போனது. 'தேவைக்கு மேற்பட்டவள்' என்று ஒருவர் பொருள் சொல்ல, மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது.

நாங்கள் இருவரும் சிவில் என்ஜினியர்கள். அவர் துறைமுகத்தில் கப்பல் அணையும் மேடைகள் கட்டும் வேலையில் இருந்தார். நான் கல்லூரியில் அதே கணக்குகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். உத்திரம் நிற்க இரண்டு முனையிலும் தாங்கி இருந்தால் போதும். நடுவில் இன்னொன்று வைத்தால் அதற்குத்தான் எங்கள் பாஷையில் அந்தப் பெயர். அது வந்துவிட்டால், எது எவ்வளவு சுமக்கிறது என்று லேசில் சொல்ல முடியாது. இலையில் கிடந்த முருங்கைக்காயை வைத்து இதை விளக்கிவிட்டு, அம்மாவிடம் சொன்னார்: "இவ இல்லன்னாலும் நான் நிப்பேம்மா. ஆனா தொய்ஞ்சிதான் நிப்பேன்."

மாமியார் சிரித்துவிட்டார். எனக்குத்தான் வெட்கத்தில் இலையை விட்டுத் தலையை நிமிர்த்த முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் முத்தையாபுரம் வீட்டில் ரிடன்டன்ட் என்பதே என் பெயரானது. வாசலில் பைக்கை நிறுத்தும்போதே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர், நெஞ்சுவலி வந்து, திரும்பவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒன்றையே சொன்னார்கள்: படிப்பு இருக்கிறது, உத்தியோகம் இருக்கிறது, நின்றுவிடுவாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. நிற்பதைப் பற்றி எனக்கா பாடம்? மாமியார் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, தொய்ஞ்சிட்டியே" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

நிற்கிறேன்தான். பஸ் பிடிக்கிறேன். கொடியில் காயும் துணியில் படிந்த துறைமுகத்துக் கரித்தூசியை உதறி மடிக்கிறேன். ஒருத்தியின் துணி சீக்கிரம் மடித்து முடிந்துவிடுகிறது.

இந்த மாதம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. வேறு யாரிடமாவது தள்ளிவிடப் பார்த்தேன், நடக்கவில்லை. பலகையில் உத்திரத்தை வரைந்து, முதல் படியாக நடுத்தாங்கியை அழித்தேன். முன்வரிசையில் இருந்த ஆத்தூர்ப் பிள்ளை, உத்திரம் விழுந்துவிடாதா என்று கேட்டாள். விழாது, தொய்யும் என்று சொல்லி, தொய்ந்த கோட்டை வரைந்தேன். அந்தத் தொய்வை இல்லாமல் ஆக்க எவ்வளவு விசை மேல்நோக்கித் தர வேண்டுமோ, அவ்வளவையும் அந்தத் தாங்கி சுமந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வருஷா வருஷம் சொல்கிற வாக்கியம் அன்று பாதியில் நின்றுவிட்டது.

"அடுத்து அதத் திருப்பி வைக்கணும்லா மேம்?" என்றாள் அந்தப் பிள்ளை.

"ஆமா," என்றேன். "கணக்குல வச்சிரலாம்."

தாங்கி இருந்த இடத்தில் மேல்நோக்கி அம்புக்குறி போட வேண்டும். கை எழவில்லை. அவளே எழுந்து வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி வரைந்தாள்.