அன்வர் பாயிடம் நான் எழுதிக் கொடுத்த சீட்டு

அன்வர் பாய் இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பூமாலைச் சட்டத்துக்குள் அவர் படம், கீழே 'ஆழ்ந்த இரங்கல்'. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பெரம்பலூரில் பாயின் கடைக்கு எதிரே கடை வைத்திருப்பவர் அவர். பாயின் கடை மூடப்பட்டதற்கு இவர் கொடுத்த புகார்தான் காரணம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். அந்த வரிசையில் நான் சேரவில்லை. அதற்கும் எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

பாயை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர். எட்டு வருடம் வளைகுடாவில் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பெரம்பலூரில் ஒரு சின்னக் கடை பிடித்தார். செல்போனும் பார்ப்பார். ஆனால் அவர் பெயர் பரவியது கேம் பெட்டியால். டிவியோடு இணைத்து விளையாடும் அந்தப் பெட்டிகளை விற்ற கம்பெனிகள் உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தன. ஒரு நாட்டில் விற்ற டிஸ்க் இன்னொரு நாட்டில் விற்ற பெட்டியில் ஓடாது. இரண்டும் காசு கொடுத்து வாங்கியதுதான், இரண்டிலும் பழுதில்லை. ஆனாலும் ஓடாது. நம் பக்கத்து ஆட்கள் பெட்டியை ஒரு நாட்டிலும் டிஸ்கை வேறொரு நாட்டிலும் வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, அது ஓடாமல் விழிப்பார்கள். அவர்களை எல்லோரும் பாய் கடைக்கு அனுப்புவார்கள்.

நானும் அப்படித்தான் போனேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. நாற்பது வயதில் எனக்கு எதற்குக் கேம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்து ரயில் ஓட்ட ஆசை. ரயிலே வராத பெரம்பலூரில் பிறந்துவிட்டு அந்த ஆசை. ஜப்பானில் வேலை செய்யும் என் தம்பி, ரயில் ஓட்டும் கேம் டிஸ்க் ஒன்றை அனுப்பியிருந்தான். அங்கே மட்டும் விற்பது. என் பெட்டி இங்கே வாங்கியது. டிஸ்கைப் போட்டால் திரையில் ஒரு வரி வரும், அதோடு சரி. அதைத் துணிப்பையில் மறைத்து, பள்ளியில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று சனிக்கிழமை பார்த்துக் கடைக்குப் போனேன்.

"யாருக்கு டீச்சர், பையனுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அட்டையில் இருந்த ரயில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊருக்குத்தான் ரயில் வரமாட்டேங்குது. உங்க வூட்டுக்காச்சும் வரட்டும்" என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை நான்காகக் கிழித்து ஒரு துண்டை நீட்டினார். எழுதச் சொன்னார். 'இந்த டிஸ்க் என்னுடையது. வாங்கிய நாடு ஜப்பான். காப்பி இல்லை.' கீழே பெயரும் கையெழுத்தும். யாராக இருந்தாலும் இதை எழுதாமல் அவர் பெட்டியைத் தொடமாட்டார். அட்டையோடு டிஸ்க் கையில் இருக்க வேண்டும். எழுதிய சீட்டுகள் வெளிநாட்டு மிட்டாய் டப்பா ஒன்றில் கிடக்கும். எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன்.

"உங்க வூட்டுக் கதவு, உங்களுக்கே பூட்டிக் கெடக்குது. அதத் தொறந்து விடுறேன். அடுத்தவன் வூட்டுக் கதவுன்னா நான் கை வைக்கமாட்டேன். உங்க கையால நீங்களே எழுதிட்டா, எனக்கும் மறக்காது, உங்களுக்கும் மறக்காது."

மெமரி கார்டு ஒன்றைப் பெட்டியில் செருகினார். அதில் இருந்தது கம்பெனி செய்த மென்பொருள் அல்ல. விளையாடுகிறவர்களே தங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதி, வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுப்பது. ஹோம்ப்ரூ என்று பெயர். பாய் அதை 'வூட்டுச் சமையல்' என்பார். "கடைச் சாப்பாட்டுல கை வைக்கக் கூடாதுன்னு சட்டமா போட்டுருக்கான்? நம்ம தட்டு, நம்ம உப்பு." அரை மணி நேரத்தில் கடையில் இருந்த சின்ன டிவியில் ஜப்பானிய ரயில் நிலையம் ஒன்று வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. நான் கடையிலேயே முதல் ரயிலை எடுத்தேன். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினேன். "பரவால்ல டீச்சர், எறங்குறவன் நடந்து வருவான்" என்றார் பாய்.

ஒரு மாதத்தில் நானே அதைக் கெடுத்தேன். பெட்டி 'அப்டேட் செய்யவா' என்று கேட்டது. போனில் பழகிய கை, ஆமாம் என்று அழுத்திவிட்டது. பூட்டு பழையபடி விழுந்துவிட்டது. வெட்கத்தோடு போய் நின்றேன். அந்த அப்டேட்டுக்கு ஏற்ற புது மென்பொருள் வெளிவரும்வரை மூன்று வாரம் காத்திருந்து, பாய் மறுபடி சரிசெய்து கொடுத்தார். திட்டவில்லை. "அவன் மரியாதையாத்தான் கேப்பான் டீச்சர். நாமளும் மரியாதையா வேணாங்கன்னு சொல்லிடணும். நமக்குத்தான் வேணாம்னு சொல்ல வாய் வராதே." அவர் என்னைப் பற்றித்தான் சொன்னார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

எதிர்க்கடைக்காரர் அந்தச் சமயத்தில் காப்பி கேம்களை ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாயிடம் வந்து, பூட்டை நீ திற, காப்பியை நான் போடுகிறேன், சேர்ந்து செய்வோம் என்றார். நான் அன்று கடையில் இருந்தேன், என் காதால் கேட்டேன். பாய் எழுந்து அவருக்கு டீ சொல்லிவிட்டு, "அது நமக்குச் சரிப்படாது பாஸ்" என்று மட்டும் சொன்னார். எதிர்க்கடைக்காரர் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார். இரண்டு மாதம் கழித்து அவரே, அன்வர் கடையில் திருட்டு கேம் ஓடுகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார். காப்பி போடுகிறவர் காப்பி போடாதவரைப் பிடித்துக் கொடுத்த கதை இது.

விசாரித்த அதிகாரி மோசமானவர் இல்லை. "உங்க கஸ்டமர் ரெண்டு பேரு வந்து, டிஸ்க் எங்களதுதான்னு எழுதிக் கொடுத்தாப் போதும் பாய், முடிச்சுடலாம்" என்றாராம். இரண்டே இரண்டு பேர். பாய் போன் செய்தார். வளைகுடாவிலிருந்து பெட்டி கொண்டுவந்தவர்கள் பயந்தார்கள். விமான நிலையத்தில் காட்டாமல் கொண்டுவந்த பெட்டி அது, எழுதிக் கொடுத்தால் அதைக் கேட்பார்கள் என்று. கேம் பெட்டிக்காக யாரும் யாரையும் தேடி வரப்போவதில்லை. ஆனாலும் பயந்தார்கள். அவருடைய சொந்த மச்சானே, தான் ஊரில் இல்லை என்று வீட்டாரைச் சொல்லச் சொன்னார். எனக்கும் போன் வந்தது. "அரசு வேலை பாய்... ஹெச்.எம்.கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். நான் ஹெச்.எம்.மிடம் கேட்கவே இல்லை. வேலை போய்விடும் என்று நான் பயப்படவில்லை. கேம் விளையாடும் டீச்சர் என்று பள்ளியில் சிரிப்பார்களே என்று பயந்தேன். அவ்வளவு அற்பமான காரணம்.

ஒரு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் பாய் பள்ளி வாசலுக்கு வந்தார். மாடியில் என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையில் ஒரு உறை. சம்மன் என்று நினைத்துக்கொண்டேன். வாட்ச்மேனைப் போனில் அழைத்து, "லீவுன்னு சொல்லிடுங்கண்ணே" என்றேன். வெயிலில் நின்ற மனிதர் வாட்ச்மேன் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார். உறையை அவர் கையில் கொடுத்தார். போகும்போது ஒருமுறை நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். நான் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

உறைக்குள் நான் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. டப்பாவில் இருந்த அத்தனை சீட்டுகளையும் அவர் இப்படித்தான் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த டப்பாவை அப்படியே கொண்டுபோய் அதிகாரி மேசையில் கவிழ்த்திருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். எங்கள் கையெழுத்திலேயே எங்கள் வாக்குமூலம் அவரிடம் இருந்தது. என் சீட்டின் பின்பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். 'டீச்சர், அப்டேட் கேட்டா வேணாம்னு குடுங்க. இனிமே நான் கடைல இருக்கமாட்டேன்.'

அதிகாரிகள் வந்து கடையில் இருந்த பெட்டிகளையும் கணினியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டிடத்துச் சொந்தக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். பாய் அரியலூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? அன்று சாயங்காலமும் ரயில் ஓட்டினேன்.

மூன்று வருடம் கழித்து, அரியலூரில் மின்விசிறி வாங்கப் போன கடையில் ஏணிமேல் அவர். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"வாங்க டீச்சர். ரயில் ஓடுதா?"

"ஓடுது பாய்."

"இங்க நெசமாவே ஓடுது. காலைல அந்தச் சத்தத்துலதான் முழிக்கிறேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேறு எதுவோ வந்தது. "ஏன் பாய் அந்தச் சீட்டெல்லாம் அவங்ககிட்ட குடுக்கல?" என்று, ஏதோ அவர்மேல் தப்பு என்பதுபோல் கேட்டேன்.

"நம்பி எழுதிக் குடுத்தது டீச்சர். அத வச்சு மாட்டி விடுறதா? விடுங்க, நசீபு, என் தலையெழுத்து." பிறகு எனக்கு நல்ல மின்விசிறியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. லப்பைக்குடிக்காட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் கூட்டம். ஒவ்வொருவரும் பாயின் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் எல்லோருக்கும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பாயின் மனைவி என்னைப் பார்த்து, "நீங்கதானே ரயில் டீச்சர்? சொல்லிருக்காக" என்றார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். கதவு வழியே வாசல் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மவுத்துக்கு எத்தன பேரு வந்திருக்கீங்க, பாத்தீங்களா? அன்னிக்கு ரெண்டு பேரு வந்திருந்தாப் போதும்னாங்களாம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வெளியே வந்தபோது எதிர்க்கடைக்காரர், "வாங்க டீச்சர், தங்கமான மனுசன்" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். அன்றும் எனக்கு வாய் வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல மனிதர் என்று இனி அவரைச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தை தேவைப்பட்ட நாளில் நாம் யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். அலமாரியில், பழைய டிஸ்க் அட்டைக்குள் தேடிப் பாருங்கள்.

என் பெட்டி இன்னும் பழைய மென்பொருளில்தான் ஓடுகிறது. அப்டேட் கேட்கும்போதெல்லாம் வேண்டாம் என்று கொடுக்கிறேன். அந்தப் பென்சில் எழுத்து மங்கிவிட்டது, மறுபக்கம் என் பேனா எழுத்து மங்கவில்லை. பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சீட்டுதான். அதை மறுபடி இங்கே எழுதுகிறேன். ஆறு வருடம் முன்னால், இரண்டு பேரில் ஒருத்தியாக, நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது.

இந்த டிஸ்க் என்னுடையது. வாங்கிய நாடு ஜப்பான். காப்பி இல்லை. அன்வர் பாய் திருடர் இல்லை.

கு. மங்கையர்க்கரசி, ஆசிரியை, பெரம்பலூர்.