முதுகில் எட்டு வட்டங்கள்

எங்கள் கோவில் தேர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது என் வலது தோள் இறுகிவிட்டது. கனடாவின் மிசிசாகாவில் விமானச் சரக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்குவது என் வேலை. சேட்டுப் போடக்கூட மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது. தேரன்று சுவாமியைத் தோளில் காவுகிறவர்களில் நானும் ஒருவன். வலியைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

குடும்ப டொக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்துகொண்டுதான் இருந்தேன்.

"அதோட இதையும் ஒருக்காச் செய்து பாப்பம், வாங்கோ" என்று மனைவி என்னை மில்லிக்கனில் சீனக் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவுக்குக் கூட்டிப்போனாள். அவளோடு வேலைசெய்யும் சீனப் பெண் சொன்ன இடம்.

சீன வைத்தியம் செய்யும் அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். முதலில் தோளைத் தொடவேயில்லை. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடி நாடி பார்த்தார். எங்கள் நாட்டில் வைத்தியம் பார்க்கும் பரியாரிமாரும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு தோளில் ஓரிடத்தைப் பெருவிரலால் அழுத்தினார்.

"ஐயோ, நோகுது!" என்று கத்திவிட்டேன்.

அவர் சட்டென்று கையை எடுத்தார். "நோ குட்?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குறை சொல்லவில்லை, எங்கள் மொழியில் வலியை அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். அவர் கதிரையில் இருந்து சிரித்து முடிய நேரமெடுத்தது.

அதன்பின் மயிரிழை போன்ற ஊசிகள். கடைசியில் கண்ணாடிக் குவளைகளுக்குள் நெருப்பைக் காட்டியெடுத்து, உடனே முதுகில் கவிழ்த்தார். அவை தோலை இழுத்துப் பிடித்தன. ஆதியில் விலங்குக் கொம்பைத்தான் இப்படி வைத்தார்கள், பிறகு மூங்கில் வந்தது, கண்ணாடியெல்லாம் புதுசு என்றார். எவ்வளவு புதுசு என்று கேட்டேன். தன் பாட்டனுக்குப் பாட்டன் காலமாம்.

நாலைந்து தரம் போனதும் கை தலைக்குமேல் உயர்ந்தது. ஊசியோ, குவளையோ, பயிற்சியோ, எது உதவியதென்று எனக்குத் தெரியாது. காரில் ஏறியும் கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தேன்.

தேரன்று வேட்டியோடு, மேலில் சேட்டில்லாமல் கோவிலில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு அன்ரியின் குரல் கேட்டது.

"தம்பி, உதென்ன முதுகில? ஆர் உப்பிடி அடிச்சது?"

இரண்டு நாள் முன்பு வைத்த குவளைகளின் தடம், கத்தரிப்பூ நிறத்தில் எட்டு வட்டங்கள். நான் மறந்தே போயிருந்தேன்.

"நான் இல்லை அன்ரி!" என்றாள் மனைவி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகு குவளை வைத்த கதையையும் வைத்தியர் அம்மாவின் இடத்தையும் அவளே அவர்களுக்குச் சொன்னாள்.

அதற்குள் மேளம் உயர்ந்தது. அரோகரா என்ற சத்தத்தோடு சுவாமி காவும் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தேன். பாரம் இறங்கியது. தோள் தாங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பிளாசாவுக்குப் போனால், கோவிலில் கண்ட முகங்கள் நாலு எனக்கு முன்னால் காத்திருந்தன. உள்ளே அந்த அன்ரி முழங்காலில் ஊசிகளோடு சாய்ந்திருந்து, தன் மூன்று மருமக்களைப் பற்றியும் முழுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தியர் அம்மா ஒரு சொல்லும் விடாமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.