நான்காவது டிஸ்க்குக்கு ஒரு பொட்டு

சிவகாசியில் பட்டாசு லேபிளும் காலண்டர் படமும் வரைந்து கொடுப்பது என் தொழில். எல்லாப் படங்களும் வீட்டு சர்வரில் மூன்று ஹார்டு டிஸ்க்குகளில் இருந்தன. நான்காவதில் படம் எதுவும் இல்லை. மற்ற மூன்றும் பிசகாமல் இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்க்கும் பாரிட்டி டிஸ்க் அது.

ஆயுத பூசை முடிந்து சர்வரைப் போட்டதும் பாரிட்டி சோதனை பிழை காட்டியது. மறுபடி ஓட்டினால் வேறு இடத்தில் பிழை. காலண்டர் சீசன் வேறு. மெமரியை மாற்றியும் சரியாகவில்லை. பிழை சொல்லும் டிஸ்க்தான் கெட்டிருக்கும் என்று, அந்தச் சனியன் பிடித்த நான்காவதைக் கழற்றி எறிய ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தேன்.

"பூசைக்குத் துடைக்கையில உள்ள ஒரு வயரு கையோட வந்துருச்சுங்க. திரும்பச் சொருகிட்டுத்தான் பொட்டு வச்சேன்," என்றாள் மனைவி.

திறந்தேன். முதல் டிஸ்க்கின் வயர் பாதிதான் நுழைந்திருந்தது. அழுத்திச் சொருகிய பிறகு ஒரு பிழைகூட வரவில்லை. அவள் சொல்லாதிருந்தால் காவல் இருந்ததையே தூக்கி எறிந்திருப்பேன்.

மூன்று டிஸ்க்குகளில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. நான்காவது வெறுமையாக இருந்தது.

"அதுலதான் படமே இல்லன்னீகளே," என்றாள்.

அவளிடம் குங்குமச் சிமிழை வாங்கி, அதற்கு நானே பொட்டு வைத்தேன்.