பூசையில் சத்தம் போடாத பிள்ளை

போன ஞாயிறு மாதா கோவிலில் என் மகள் ஜெசிக்கு ஒரு பட்டம் கிடைத்தது.

பூசை முழுக்க ஆடாமல் அசையாமல் என் மடியில் இருந்தாள். எங்கள் மர்பி டவுன் தெருவில் பக்கத்து வீட்டு லூர்து அக்கா பின் பெஞ்சிலிருந்து குனிந்து, "ரெண்டரை வயசுல இவ்ளோ சமர்த்தா! சம்மனசு தம்பி, வானத்துலேர்ந்து எறங்கின சம்மனசு" என்றார். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கும்தான் — பொய் சொல்வானேன்?

அப்போது நடுப்பூசை மணி அடித்தது. முன்வரிசைக் குழந்தைகள் விருட்டென்று பீடத்தைப் பார்த்தார்கள். ஜெசி மட்டும் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, பக்தியில இருக்கா" என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தாள்.

பக்தியா? பொத்தானிடமா?

அதற்கப்புறம் எனக்குப் பூசையில் மனசு நிற்கவில்லை. ஆண்டவர் மன்னிப்பார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசியின் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். சமையலறையிலிருந்து ஸ்டெல்லா பதறி ஓடி வந்தாள். ஜெசி திரும்பவில்லை.

யோசித்தால்... தண்ணீர் வேண்டுமானால் கையைப் பிடித்து இழுப்பாள். பிஸ்கட்டுக்கு விரல் நீட்டுவாள். வார்த்தை என்று ஒன்றும் இல்லை. வாய் திறக்கும் முன்பே நாங்கள் கொடுத்துவிடுகிறோம் — அப்புறம் எங்களுக்கு எங்கே உறைக்கும்?

லூர்து அக்காவிடம் சொன்னேன். "பேஜாரு பண்ணிக்காத தம்பி. வூட்ல தமிழு, கடையில கன்னடம், எதுத்த வூட்ல உருது. கொழந்த எதைன்னு பேசும்? ஒரு நாள் எல்லாத்தையும் சேத்து கொட்டும். நீயே வாய மூடுடின்னுவ!"

ஸ்டெல்லா சிரித்தாள். எனக்கு வரவில்லை. அதே மூன்று பாஷைக்கு நடுவில்தானே தெருவின் மற்ற பிள்ளைகள் வாயாடுகின்றன?

மறுநாளே குழந்தை டாக்டரிடம் போனோம். "பல பாஷை கேக்கறதால பேச்சு நின்னுடாது. இந்த வயசுக்கு ரெண்டு வார்த்தை சேத்துப் பேசணும். முதல்ல காது டெஸ்ட். காது நல்லா இருந்தாலும் ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்க. தானா வரும்னு காத்திருக்காதீங்க" என்றார் அந்த டாக்டரம்மா.

டெஸ்ட் வெள்ளிக்கிழமை. அதுவரை? கதவைத் தட்டுகிறேன், விசில் அடிக்கிறேன், குக்கர் கத்தும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். சில நேரம் திரும்புகிற மாதிரி இருக்கிறது... சில நேரம் இல்லை. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நேற்று ஜெசிக்குத் தலை சீவிக்கொண்டே ஸ்டெல்லா கேட்டாள்: "ஏங்க, டெஸ்ட்ல ஒண்ணுமே இல்லேன்னு வந்துட்டா? நல்லா இருக்கற புள்ளய தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்கன்னு தெருவே சிரிக்குமே!"

சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.