இரண்டு மணிகளுக்கு நடுவே

லியாவ் ஷுமினுக்கு சீனாவின் ஜூஜோ நகரத்து ஆலையில் பதினோரு வருடமாக ஒரே வேலை. சூளையிலிருந்து வரும் சுரங்கத் துளைமுனையில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி போலத் தேய்த்து, மருந்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்ப்பாள். முனையிலுள்ள கார்பைடு என்னும் கடின உலோகத்தின் மணிகள் பொடிப்பொடியாக இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு பருத்திருந்தால் முனை அங்கேதான் பிளக்கும்.

கணவனும் மகளும் தொலைவில், யுவேயாங் ஊரில் இருந்தார்கள். வருடாவருடம் மாற்றல் மனு கொடுப்பாள். "உன் கண்ணுக்கு ஈடா ஒரு ஆள் கிடைக்கட்டும்" என்று மேலாளர் பெங் சிரித்துக்கொண்டே அதை மேசைக்குள் போடுவார். நல்ல மனிதர்தான், நல்ல மனிதர்கள் போடும் பூட்டுக்குத்தான் சாவியே கிடையாது. மகள் இப்போதெல்லாம் அவளிடம் விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினாள்.

இந்த வருடம் ஆளுக்குப் பதில் பருத்த மணிகளை எண்ணும் கணினி வந்தது. அது இன்று சரியாக எண்ணிவிட்டால் மாற்றல் ஆணையில் கையெழுத்து. திங்கட்கிழமை ரயிலுக்கு வருவதாக மகளிடம் சொல்லியும் ஆயிற்று.

கணினி முதலில் பார்த்தது சூளைக்காரரின் சரக்கை. எட்டு மணிகள் பருத்திருப்பதாகச் சொன்னது. பெங் கொதித்துப்போனார்; சூளைக்காரர் தூங்கிச் சூட்டை ஏற்றிவிட்டார், இனி சூளைப் பக்கமே வரக்கூடாது என்றார். சூளைக்காரர் கன்னத்தில் பாக்கை அடக்கியபடி, சூடு ஏறவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யார் கேட்டார்கள்?

ஷுமின் நுண்ணோக்கியில் குனிந்தாள். ஒட்டிக் கிடந்த இரண்டிரண்டு மணிகளைக் கணினி ஒன்றாக எண்ணியிருந்தது. நடுவே மயிரிழை போல ஒரு கோடு. அவளைத் தவிர அந்தக் கூடத்தில் யாருக்கும் அது தெரியாது. வாயை மூடிக்கொண்டால் போதும். பெங்கின் பேனா மூடி திறந்தே இருந்தது.

"சார், சரக்கு நல்லாத்தான் இருக்கு. மிஷின்தான் தப்பா எண்ணுது."

பெங் வந்து பார்த்தார். அவள் விரல் காட்டிய பிறகுதான் கோடு அவருக்குத் தெரிந்தது. ஆணையை மடித்து மேசைக்குள் வைத்தார்.

"பாத்தியா? உன்ன விட்டுட்டு நாங்க என்ன பண்ணுவோம்?" அன்பாகத்தான் கேட்டார்.

வாசலில் சூளைக்காரர் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார். "பேசாம இருந்திருக்கலாமே, தங்கச்சி."

"கண்ணுக்குத் தெரிஞ்சு தொலைச்சுதே, அண்ணே."

ஸ்டேஷனுக்கு வர வேண்டாமென்று மகளிடம் சொல்ல, அவள் பொதுத் தொலைபேசி வரிசையில் போய் நின்றாள்.